ஞாயிற்றுக்கிழமைச் சோறு

இவர் போய் மூன்று மாதம் ஆகிறது. கட்டின நாளிலிருந்து நான் இவரை ‘இவர்’ என்றுதான் சொல்லி வருகிறேன். இனியும் அப்படித்தான் சொல்வேன்.

நாற்பத்திரண்டு வருடத்தில் இவர் என்னிடம் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. தன்னுடைய சிநேகிதர் ஒருநாள் எங்கள் வீட்டுக்குள் வந்து, மேசையில் இருந்து, ஒரு நேரச் சோறு சாப்பிட வேண்டும் என்பது. நகை கேட்கவில்லை, காணி கேட்கவில்லை. ஒரு கோப்பைச் சோறு. அதற்கு நான் இல்லை என்றேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். மற்றக் கதையெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் வருவது.

எங்கள் வீடு சண்டிலிப்பாயில் இருக்கிறது. ‘எங்கள்’ என்று வாய்க்கு வருகிறதே தவிர, உறுதிப் பத்திரத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. எனக்குச் சீதனமாக எழுதின வீடு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வரவேண்டும். இவர் பண்டத்தரிப்பிலிருந்து ஒரு ட்ரங்குப் பெட்டி, ஒரு சைக்கிள், ஒரு வீச்சுவலை என்று மூன்று சாமானோடு வந்து இறங்கினார். வலையைக் கண்டதும் என் அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

“கந்தோர் மாப்பிள்ளை எண்டுதானே புரோக்கர் சொன்னவர்? இதென்ன பிள்ளை, வலையோடை வந்து நிக்கிறார்?” என்று என்னைக் குசினிக்குள் இழுத்துக் கேட்டா.

அம்மாவின் பயம் விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் புகையிலையும் வெங்காயமும் நட்டுப் பிழைத்த தோட்டக்காரர். எங்கள் ஆட்கள் மீன் வாங்குவார்கள், சமைப்பார்கள், முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சுவார்கள். பிடிப்பது மட்டும் ஆகாது. அது கடற்கரை ஆட்களின் வேலை. அந்த ஆட்களோடு கதைக்கலாம், சிரிக்கலாம், அவர்களுடைய கையால் மீன் வாங்கலாம். வீட்டுக்குள் கூப்பிட்டு இருத்துவது என்ற பேச்சே இல்லை. ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை. நானும் கேட்கவில்லை, நான் படித்தவள், கணக்கு ரீச்சர்.

இவர் கிழமையில் ஐந்து நாள் யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தார். மேசையில் குந்தியிருப்பது இவருக்குத் தண்டனை மாதிரி. மானிப்பாய் றோட்டால் நேராகப் போனால் அரை மணித்தியாலத்தில் போய்ச் சேரலாம். இவர் கல்லுண்டாய் வெளியால் சுற்றிக்கொண்டு போவார். அது களக்கடலை, ஆழமில்லாத கடலேரியை, ஒட்டின வெறுவெளி. உமிரிச் செடியும் உப்புக்காற்றும்தான் அங்கே. கலியாணம் முடிந்து இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் இந்தச் சுற்றுப்பயணம் எனக்குத் தெரிய வந்தது. “ஏன் இந்த அலைச்சல்?” என்று கேட்டேன். “பூநாரை வந்திட்டுதோ எண்டு பாக்கத்தான்” என்றார். பூநாரை மார்கழியில் வரும், மாசியில் போய்விடும். மிச்சம் ஒன்பது மாதம் எதைப் பார்த்தார் என்று கேட்டதற்கு, “வரேல்லை எண்டதைப் பாக்க வேணுமே” என்று சொன்னார். இவரோடு கணக்குப் பேசி வெல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் இவரைப் பிடிக்க ஏலாது. விடியப்புறம் எழும்பி, தானே பிளேன்ரீ போட்டு, எனக்கும் ஒரு கோப்பை கட்டிலடியில் மூடி வைத்துவிட்டு, பனையோலைத் தொப்பியும் வலையுமாகக் கிளம்பிவிடுவார். மதியம் ஒன்றரைக்குத் திரும்பி வருவார். முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்து வெள்ளையாய் இருக்கும். கிணற்றடியில் கால் கழுவாமல் படியேறினால் நான் பிடிக்கிற சண்டை மூன்று வீடு தள்ளிக் கேட்கும். இவர் சிரித்துக்கொண்டு நிற்பார். பையில் ஓராவோ திரளியோ இறாலோ இருக்கும், எல்லாம் செதில் உரித்துக் கழுவினபடி. நான் மீன் வெட்டினால் கை மணக்கிறது என்று ஒருநாள் சொன்னேனாம். அதற்குப் பிறகு வெட்டாத மீன் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை.

வெளியில் இப்படித் திரிகிற மனிதர் வீட்டில் எப்படி என்று கேட்டால், என் மகள் சொல்வாள். எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து கிடந்த மாதம் முழுவதும் அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டது இவர்தான். வலை பின்னத் தெரிந்த கை என்றபடியால் பின்னல் அவிழவே அவிழாதாம். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் “உங்கடை அம்மாவோ பின்னினவ?” என்று கேட்க, இவள் பெருமையாக “இல்லை, அப்பா” என்றிருக்கிறாள். ஞாயிறு பின்னேரம் எல்லாருடைய உடுப்பையும் இவர்தான் ஸ்திரிக்கை போடுவார், என்னுடைய சேலை உட்பட. கொசுவத்துக்குக் குறி வைத்து மடித்துத் தருவார். அப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு நான் சேற்றுக் காலுக்குச் சண்டை பிடித்தேன்.

சிநேகிதர் எங்கள் வாழ்க்கைக்குள் வந்ததும் சேற்றால்தான்.

கட்டின வருடம், கார்த்திகை மழை விட்ட ஒரு ஞாயிறு. இவர் பழக்கமில்லாத இடத்தில் இறங்கிக் கல்லுண்டாய்ச் சேற்றில் இடுப்பு வரைக்கும் புதைந்துவிட்டார். தூரத்தில் வலை வீசிக்கொண்டு நின்ற, நாவாந்துறைக் கடற்கரை ஆட்களில் ஒரு பெடியன் கண்டு, தன்னுடைய வலைக்கயிற்றை எறிந்து இழுத்தெடுத்து, தன் சைக்கிள் பாரிலேயே வைத்து எங்கள் வீடு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார். இவரை விட ஐந்து வயது இளையவர், சிலுவைச் சங்கிலி போட்ட மெல்லிய ஆள். இரண்டு பேரும் சேற்றுப் பொம்மை மாதிரி வாசல் படலையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் தாலியைக் காப்பாற்றிக்கொண்டு வந்த மனிதர் அவர். அம்மா இவரைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனா. சிநேகிதருக்கு ஒரு வாளி தண்ணீர் படலையடிக்குப் போனது.

அன்றைக்கு அம்மா போட்ட வழக்கத்தை நான் நாற்பது வருடம் காப்பாற்றினேன்.

மாதத்தில் ஒரு தடவையாவது அவர் எங்கள் பக்கம் வருவார். படலையடியில் சைக்கிள் மணி கேட்கும். இவர் ஓடிப்போவார். நான் தேத்தண்ணீர் போட்டு, பணியாரம் இருந்தால் அதையும் வைத்து அனுப்புவேன். நல்ல பால்தேத்தண்ணீர், ஏலக்காய் போட்டு. படலைக்குப் பக்கத்தில் வேம்பின் கீழ் கதிரைகூடப் போட்டு வைத்தேன். ஊரில் வேறு யார் அப்படிச் செய்தார்கள்? எனக்கு என் மனசு பெரிது என்றே ஒரு எண்ணம். அவர் என்னை ‘அம்மா’ என்பார், இவரை ‘அண்ணை’ என்பார். ஒருநாளும் அந்த வேம்பைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை.

பிறகு போர் முற்றி இடப்பெயர்வு வந்தது. எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. நாங்கள் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் போய் விழுந்தோம், பதினொரு குடும்பம். இவர் எங்கேயோ அலைந்து சிநேகிதரையும் மனிசி பிள்ளைகளையும் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் பாய் போட்டுக் கொடுத்தார். அங்கே என்ன படலை, என்ன வேம்பு? சிநேகிதரின் மனிசி மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிச் சமைத்தா. நான் தேங்காய் துருவிக் கொடுத்தேன். ஒரே சட்டி, ஒரே அகப்பை. வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டிருக்கிற பெண் அவ. அழுகிற பிள்ளைகளைக்கூடச் சிரிக்க வைத்துவிடுவா. அந்த ஐந்து மாதமும் அவவின் கையால்தான் நான் சாப்பிட்டேன். என் அம்மாவும் சாப்பிட்டா, இரண்டாம் தரம் கேட்டும் சாப்பிட்டா.

வீட்டுக்குத் திரும்பி வந்து, ஓடு மாற்றி, கிணறு இறைத்து, ஒரு மாதிரி மூச்சு விட்ட பிறகு ஒருநாள் இவர் என் பக்கத்தில் வந்து நின்றார். நான் வகுப்புக் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தேன்.

“இஞ்சேரும், ஒண்டு கேக்கட்டோ? அவனை ஒருநாள் வீட்டை கூப்பிட்டு உள்ளை இருத்திச் சாப்பாடு குடுக்க வேணும். அவன்ரை மனிசியையும்.”

நான் பேனையை வைக்கவில்லை. “உங்களுக்கென்ன விசரோ? ஊர் என்ன கதைக்கும்? அம்மா இருக்கிறா. நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு சம்பந்தம் பேசுறதெண்டால் இதைத்தான் முதலிலை தூக்கிப் பிடிப்பினம்.”

“அங்கை ஒண்டாய்த்தானே சாப்பிட்டனாங்கள்?”

“அது அங்கை. இது வீடு.”

இவர் கோபித்திருந்தால் நான் பதிலுக்குக் கோபித்திருப்பேன், எனக்கு அது வசதியாக இருந்திருக்கும். இவர் கோபிக்கவில்லை. “இது உம்மடை வீடு. நீர் சொன்னால்தான்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனார். குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். என் வீட்டில் என்னைக் கேளாமல் ஒரு ஆணிகூட இவர் அடித்ததில்லை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா என்பார்கள். நான் ஊர் வாய்க்குத்தான் பயந்தேன். சரி, அது அப்போது. பிறகு அம்மா கண்ணை மூடினா. மகளுக்குக் கலியாணம் முடிந்து அவள் கனடா போனாள். எனக்கு ஓய்வூதியம் வந்தது. பயப்பட வைத்த காரணங்கள் ஒவ்வொன்றாய்ப் போய்விட்டன, பழக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. இவர் திரும்பக் கேட்கவில்லை. கேட்காதபடியால் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க எனக்கு விருப்பமாய் இருந்தது.

இவருக்கு ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் பசி மந்தம் என்று ஒரு வியாதி இருந்தது. கிழமை நாளில் நன்றாகச் சாப்பிடுகிறவர், ஞாயிறு மதியம் நான் பார்த்துப் பார்த்துச் சமைத்து வைத்ததை மெல்ல மெல்லக் கொறிப்பார். ஆனால் ஒரு பருக்கை மிச்சம் விடமாட்டார். வெயிலில் நின்று பித்தம் கூடிவிட்டது என்று நான் வருடக்கணக்காக ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். உடுவிலில் ஒரு பரியாரியிடம் கூட்டிக்கொண்டு போய்ச் சூரணம்கூட வாங்கினேன். மறுபேச்சில்லாமல் எல்லாவற்றையும் குடித்தார்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எனக்குத் தேங்காய் துருவித் தந்துகொண்டிருந்தவர் “கொஞ்சம் மூச்சு முட்டுது” என்று துருவுபலகையை விட்டு எழும்பிக் கதிரையில் இருந்தார். நான் சுடுதண்ணீர் எடுத்துக்கொண்டு வர, போய்விட்டார். அவ்வளவுதான். எழுபத்து மூன்று வயது. முந்தைய ஞாயிறுகூடக் களக்கடலில் நின்றுவிட்டு வந்த மனிதர்.

மகளும் மருமகனும் கனடாவிலிருந்து வந்து சேரும் வரைக்கும் மூன்று நாள் வைத்திருந்தோம். சிநேகிதர் செவ்வாய் மத்தியானமே வந்துவிட்டார். ஒழுங்கையில் நின்றார். பந்தலுக்குக் கம்பு இறக்கினார், வாகனங்களை ஒதுக்கினார், வாழை கட்டினார். நான் யன்னலால் பார்த்தேன், வெள்ளைச் சேட்டோடு வேம்படியில் நிற்கிறார். ஊர் முழுக்க என் வீட்டுக்குள் வந்து இவரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறது. ஜென்மத்தில் இவரோடு நாலு வசனம் கதைக்காதவர்கள்கூட வந்து மூக்குச் சிந்துகிறார்கள். இவரைச் சேற்றிலிருந்து இழுத்தெடுத்த மனிதர் மூன்று நாளும் வெளியில் நின்றார். ஒருவரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று ஒரு சாட்டுச் சொல்லலாம். ஆனால் யன்னலால் பார்க்கிற அளவுக்கு எனக்குப் புத்தி தெளிவாய்த்தான் இருந்தது.

வியாழன் பின்னேரம் பாடையை வெளியில் எடுத்தார்கள். படலையைத் தாண்டின பிறகுதான் அவர் கிட்ட வந்து இவரின் முகத்தைப் பார்த்தார். தொப்பி போட்ட இடத்தில் நெற்றி வெள்ளையாய் இருக்கும் இவருக்கு. அந்த இடத்தில் கையை வைத்துவிட்டு எடுத்தார். எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. நான் படலையோடு நின்றுவிட்டேன். எல்லாரும் திரும்பிய பிறகும் அவர் மட்டும் அங்கே நின்றார் என்று மருமகன் வந்து சொன்னான். நான் அன்றைக்கு இவருக்காக மட்டும் அழவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. கீரிமலையில் சாம்பல் கரைத்து, வீட்டில் கிருத்தியம் செய்து, மதியம் சாப்பாடு. அதற்கு அழைப்புக் கடதாசி அடித்து வீடு வீடாய்க் கொடுக்கவேண்டும். இவரின் தமையன், நான் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர், விறாந்தையில் இருந்து பட்டியல் எழுதினார். சிநேகிதரின் பெயரை மகள் சொன்னாள்.

“அவைக்குக் கடதாசி தேவையில்லை. சாப்பாட்டைப் பார்சல் கட்டி அனுப்பலாம்” என்றார் பெரியத்தான்.

“நான் நேரை போய்ச் சொல்லப் போறன்” என்றேன் நான்.

பெரியத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “செத்தவீட்டுத் துடக்கு கழியமுந்தி நீர் படலை தாண்டக் கூடாது. உமக்குத் தெரியாதே?”

“தெரியும் அத்தான். தெரிஞ்ச எல்லாத்தையும் நாற்பது வரியமாய்ச் செய்துதான் பாத்திட்டன்.”

குரல் உயர்ந்துவிட்டது. அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடதாசிக் கட்டைத் தூக்கிக் கிணற்றுக்குள் போட்டிருப்பேன், அந்தக் கோபம் அப்படி. நல்ல வேளை, அவர் சொல்லவில்லை. மகள் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தாள், இரண்டு பேரும் ஏறினோம்.

நாவாந்துறையில் அவர்களுடைய வீட்டை எனக்குத் தெரியாது. நாற்பது வருடச் சிநேகிதம், ஆட்டோக்காரப் பெடியன் இரண்டு இடத்தில் விசாரித்துத்தான் கண்டுபிடித்தான். சின்னக் கல்வீடு. வாசலில் மாதா படம், ஓரத்தில் நைலோன் வலை காயப் போட்டிருந்தது. மனிசிதான் வெளியில் வந்தா. என்னைக் கண்டதும் கையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டா. பிறகு “வாங்கோ அம்மா, உள்ளை வாங்கோ” என்றா.

நான் வாசற்படியில் நின்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்றைக்கு வீட்டுக்குள் வரக்கூடாத ஆள் நான். துடக்குக்காரி. சண்டிலிப்பாயில் என் சொந்தத் தங்கச்சி வீட்டுப் படியில் இப்படிப் போய் நின்றாலும் “அங்கையே நில்லக்கா” என்றுதான் சொல்லுவாள்.

“நான் உள்ளை வரப்படாது. துடக்கு இன்னும் கழியேல்லை” என்றேன்.

“எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை” என்று என் கையைப் பிடித்து இழுத்தே விட்டா.

உள்ளே ஒரு பலகை மேசையும் நாலு கதிரையும் இருந்தன. யன்னலோரக் கதிரையில் நான் இருக்கப் போக, அவவின் கண் கலங்கியது. “அதுதான் ஐயா இருக்கிற இடம்” என்றா.

“இவர் இஞ்சை வந்தவரோ?”

“என்னம்மா கேக்கிறியள்? ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஐயா இந்தக் கதிரையிலை. பிடிச்ச மீனிலை ஒரு குழம்பு வைப்பன். ரெண்டு பேரும் இருந்து சாப்பிட்டிட்டுத்தான் எழும்புவினம். எத்தினை வரியம்! ரெண்டாம் தரம் சோறு போடத்தான் விடமாட்டார். ‘கொஞ்சமாய்ப் போடு பிள்ளை, வீட்டை போயும் சாப்பிட வேணும். அவ சமைச்சு வைச்சிட்டுப் பாத்துக்கொண்டிருப்பா. நான் சாப்பிடாட்டி அவவுக்கு மனம் நோகும்’ எண்டு சொல்லுவார்.”

நான் மகளைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் சிரித்துவிட்டேன். அத்தனை போத்தல் ஓமத்தண்ணீர்! சூரணத்துக்குப் பத்தியம் வேறு. என் மனம் நோகக் கூடாது என்று ஞாயிற்றுக்கு ஞாயிறு இரண்டு சோறு சாப்பிட்டுவிட்டு, அதற்கு மருந்தும் குடித்திருக்கிறார். சிரிப்பு நின்றபோது மேசையில் தலை வைத்து அழுதேன். இவர் போன நாளிலிருந்து அப்படி வாய்விட்டு அழவில்லை. சிநேகிதரின் மனிசி என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றா.

மீன் மச்சம் சாப்பிடாத நாள் என்று அவவுக்குத் தெரியும். பாணும், மாசிக் கருவாடு போடாத தேங்காய்ச் சம்பலும் வைத்துத் தந்தா. சாப்பிட்டேன். இவர் இருந்த கதிரையில் இருந்து சாப்பிட்டேன்.

சிநேகிதர் துறையிலிருந்து வரும்போது நான் எழும்பி நின்றேன். கடதாசியை இரண்டு கையாலும் கொடுத்தேன். “முப்பத்தோராம் நாள் ரெண்டு பேரும் வரவேணும். உள்ளை வந்து, இருந்து, சாப்பிட வேணும்” என்றேன். நாலாயிரம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த தொண்டை அந்த இரண்டு வசனத்துக்குத் தடுமாறியது. அவர் கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பாப்பம் அம்மா” என்று மட்டும் சொன்னார்.

வருவாரோ வரமாட்டாரோ என்று முப்பத்தோராம் நாள் வரைக்கும் எனக்கு நித்திரை இல்லை. வராமல் விட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தால் தலைகீழாய் நின்றாலும் போயிருக்க மாட்டேன்.

அன்றைக்கு மதியம் முதல் பந்தி போடுகிற நேரம், சைக்கிள் மணி கேட்கவில்லை. ஆனால் யாரோ கூப்பிட்டது மாதிரி நான் வெளியில் பார்த்தேன். இருவரும் வேம்படியில் நின்றார்கள். அவர் வெள்ளைச் சேட்டு, அவ நல்ல சேலை. பழகின கால், அந்த இடத்தில் தானாக நின்றுவிட்டது. தாலி கழற்றினவள், நான் அன்றைக்கு அறைக்குள் இருக்கவேண்டியவள். சபை முழுவதும் பார்க்கத்தக்கதாக முற்றத்தைக் கடந்து போனேன்.

“வாங்கோ” என்றேன். “ஏன் இதிலை நிக்கிறியள்? வாங்கோ உள்ளை.”

வந்தார்கள். பந்தலில் இருத்தவில்லை. வீட்டுக்குள், எங்கள் சாப்பாட்டு மேசையில் இருத்தினேன். விறாந்தையில் இருந்த இரண்டு பேர் வேறு வேலை கிடக்கிறது என்று எழும்பிப் போனார்கள். போகட்டும். பெரியத்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் எழும்பவில்லை. மகள் சிநேகிதரின் மனிசியைக் கையோடு குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், அங்கே இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே அப்பளம் பொரிக்கிற சத்தம் கேட்டது. நான் சிநேகிதருக்கு இலை போட்டேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், எல்லாம் என் கையால் வைத்தேன். அவர் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். மெதுவாய்ச் சாப்பிடுகிற மனிதர். நாற்பது வருடத்தில் அவர் சாப்பிட்டு நான் பார்ப்பது தென்மராட்சிக்குப் பிறகு இதுதான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. என் மனச்சுமையைக் கொஞ்சம் அவர் தலையில் இறக்கப் பார்த்தேன் போலிருக்கிறது.

“நான் மகளின்ரை பிள்ளைப்பேறுக்குக் கனடாவிலை ஆறு மாதம் நிக்கேக்கை இவர் தனியத்தானே இருந்தவர்? அப்பவாவது வந்து சாப்பிட்டிருக்கலாமே” என்றேன்.

அவர் கையை இலையில் வைத்தபடி நிமிர்ந்தார்.

“கேட்டனான் அம்மா. ‘அண்ணை தனியக் கிடக்கிறியள், நான் வந்து ஒரு கறி வைக்கிறன், ரெண்டு பேருமாய்ச் சாப்பிடுவம்’ எண்டு. அண்ணை விடேல்லை. ‘அது அவவின்ரை வீடு. அவ இல்லாத நேரம் பாத்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தால் அவவுக்கும் மரியாதை இல்லை, உனக்கும் மரியாதை இல்லை. அவ கோவக்காரியே தவிர நல்லவ. ஒருநாள் தானாய் உன்னைக் கூப்பிடுவா, பாத்துக்கொண்டிரு. அண்டைக்கு மூண்டு பேருமாய் இருந்து சாப்பிடுவம்’ எண்டவர்.”

“எப்ப சொன்னவர்?”

“எப்பவும் சொல்லுறவர். கடைசி ஞாயிறும் சொன்னவர்.”

நான் சட்டியைக் கீழே வைத்தேன். இவர் மறக்கவில்லை. கோபித்துக்கொண்டு கேட்காமல் விடவும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு, இந்த வீட்டில் வந்து சாப்பிட்டுவிட்டு, நான் கூப்பிடுவேன் என்று இருந்திருக்கிறார். நல்லவள் என்று சொல்லியிருக்கிறார்.

ஒரு இலையை எடுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு நானும் இருந்தேன். அவர் தன் கையால் எனக்குச் சோறு வைத்தார். நானும் சாப்பிட்டேன், அவரும் சாப்பிட்டார். இவர் சொன்னபடி நான் கூப்பிட்டுவிட்டேன். அந்தக் கடைசி ஞாயிறு கூப்பிட்டிருந்தால்கூட மூன்று பேராய் இருந்திருப்போம்.